பனிமலைக்கு எந்தப் பூட்ஸ்?

1953 மே 29. அதிகாலை மணி நான்கு. எவரெஸ்டின் தென்கிழக்கு முகட்டில், ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில், ஒரு சிறு கூடாரம். உள்ளே எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங் நார்கேயும் இருக்கிறார்கள். வெப்பமானி சுழிக்குக் கீழ் 27 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. புறப்படுவதற்காக ஹில்லாரி தம் பூட்ஸைத் தேடி எடுக்கிறார். அது கல்லைப்போல் உறைந்து கிடக்கிறது! முந்தின நாள் நனைந்திருந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். டென்சிங் தம் பூட்ஸைக் கழற்றாமலே படுத்திருந்தார்.

ஹில்லாரி என்ன செய்தார்? பிரைமஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அதன் சுடரிலேயே பூட்ஸைக் காட்டி வாட்டினார். தோல் கருகும் நாற்றம் கூடாரம் முழுவதும் பரவியது. ஒருவழியாகப் பூட்ஸ் இளகியது. இருவரும் வெளியே காலடி வைத்தபோது மணி ஆறரை. அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு அவர்கள் உலகின் உச்சியில் நின்றதை நாம் அறிவோம்.

அந்தப் பூட்ஸ் எவரெஸ்டுக்கென்றே இங்கிலாந்தில் காலணித் தொழிலுக்கான ஆராய்ச்சிச் சங்கம் வடிவமைத்துக் கொடுத்தது. வெளியே மிக மெல்லிய ஆட்டுத்தோல். உள்ளே நீர் புகாத ஓர் உறை. இரண்டிற்கும் நடுவில் ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு பஞ்சு. என்ன பஞ்சு தெரியுமா? இலவம்பஞ்சு! நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் அதே பொருள்தான் ஹில்லாரியின் பாதங்களை எவரெஸ்ட் உச்சிவரை காத்துச் சென்றது.

தலையணைப் பஞ்சு பனிமலையில் கால்களை எப்படிக் காக்கிறது? அவ்வளவு பஞ்சு இருந்தும் பூட்ஸ் ஏன் உறைந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தெரிந்தவர், பனியில் நடக்க எந்தப் பூட்ஸ் வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்கவேண்டியதில்லை. இன்று தமிழ்நாட்டிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் டிசம்பர் விடுமுறையில் உத்தரகண்டின் கேதார்காந்தா போன்ற பனிமலைகளுக்கு ஏறச் செல்கிறார்கள். உங்களில் சிலரும் நாளை செல்லக்கூடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். கம்பளிக்குச் சூடு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். கம்பளிக்கு ஏது சூடு? ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்துப் பாருங்கள்; சுற்றாமல் வைத்த கட்டியைவிட மெதுவாகத்தான் அது உருகும். கம்பளியோ பூட்ஸோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பம் போகும் வழியை அடைக்கின்றன, அவ்வளவுதான். வெப்பத்தை உண்டாக்குவது உடல். அதிலும் பாதம் தானாக உண்டாக்கும் வெப்பம் மிகக் குறைவு. அங்கே பெரிய தசைகள் இல்லை. எலும்பும் நாணும் தோலுமே அதிகம். எனவே பாதத்துக்குத் தேவையான சூடு வயிற்றிலும் தொடையிலும் உண்டாகி, இரத்தத்தில் ஏறி, தமனிகள் வழியே வந்து சேரவேண்டும். வெந்நீர்க் குழாய் போட்ட வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதம் அவ்வீட்டின் கடைசி அறை.

உடலுக்குக் குளிர் தாங்கவில்லை என்றால் அது என்ன செய்யும்? இதயமும் மூளையும் முக்கியம்; விரல்கள் அவ்வளவு முக்கியமல்ல. ஆகவே கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கடைசி அறைக்கு வெந்நீர் நின்றுவிடுகிறது. விரல் மரத்துப்போகிறது. பிறகு திசுக்களில் உள்ள நீர் உறையத் தொடங்குகிறது. இதைத்தான் பனிக்கடி என்பார்கள். வலி முதலிலேயே நின்றுவிடுவதால், நடப்பவருக்கு ஆபத்து தெரிவதே இல்லை. 1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணா சிகரத்தை எட்டிய பிரெஞ்சு வீரர்கள் இருவரின் கதை இதற்குச் சான்று. ஏறும்போதே லூயி லாஷனாலுக்குக் கால் மரத்துப்போயிற்று. திரும்பிவிடலாமா என்றுகூட அவர் எண்ணினார். தலைவர் மொரீஸ் எர்சோக் நின்றுவிடாமல் மேலே சென்றார். லாஷனாலும் உடன் சென்றார். வெற்றி கிடைத்தது. ஆனால் இருவருமே கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார்கள். கையுறையைத் தவறவிட்ட எர்சோக் கைவிரல்களிலும் பெரும்பாலானவற்றை இழந்தார்.

இனி, வெப்பம் வெளியேறும் வழிகளைப் பார்ப்போம். உலோகம் நற்கடத்தி, ரப்பரும் தோலும் அரிதிற் கடத்திகள். ஆனால் அவற்றையெல்லாம்விடப் பல மடங்கு அரிதிற் கடத்தி, அசையாமல் நிற்கும் காற்று. 'அசையாமல்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காற்றைச் சும்மா விட்டால் சூடான பகுதி மேலே எழும், குளிர்ந்த பகுதி கீழே இறங்கும். வெப்பச்சலனம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். காற்றை நகரவிடாமல் பிடித்துவைக்க இழைகள் வேண்டும். கம்பளி, இலவம்பஞ்சு, ஒட்டுக்கம்பளம் எல்லாம் செய்வது இந்த ஒரு வேலையைத்தான். இலவம்பஞ்சில் இன்னொரு வசதி: அதன் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடான ஒரு குழல், அக்குழலுக்குள்ளும் காற்று. மேலே மெழுகுப் பூச்சு வேறு இருப்பதால் தண்ணீர் எளிதில் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள்ளும் இதை அடைத்தார்கள். வடதுருவப் பகுதியின் கலைமான் உரோமமும் இப்படிக் காற்றறைகள் நிறைந்ததே. அங்குள்ள மக்கள் அம்மானின் தோலில் பூட்ஸ் தைத்துக்கொண்டது தற்செயலன்று.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பாதத்தின் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். அதன் வெப்பநிலை 20 டிகிரி. கீழே பனி சுழிக்குக் கீழ் 10 டிகிரி. வேறுபாடு 30 டிகிரி. பூட்ஸின் அடியில் 1 சென்டிமீட்டர் ரப்பர் மட்டும் இருந்தால், கடத்தல் வாய்பாட்டின்படி அடிவழியே மட்டும் சுமார் 9 வாட் வெப்பம் வெளியேறும். இன்று நம் வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு ஆகும் ஆற்றல் அது! அந்த ரப்பரின் மேல் 1 சென்டிமீட்டர் கனமுள்ள உலர்ந்த ஒட்டுக்கம்பளத் தகடு ஒன்றைப் போடுங்கள். இழப்பு 2 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அதே கம்பளத் தகடு தண்ணீரில் ஊறிப்போனால்? ஏறக்குறைய 7 வாட். தகடு இருந்தும் இல்லாததுபோலத்தான். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. பனிக்கட்டியோ தண்ணீரைவிடவும் மூன்று நான்கு மடங்கு மேல். ஹில்லாரியின் பூட்ஸ் உறைந்ததன் பொருளை இப்போது எண்ணிப்பாருங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பூட்ஸின் மேல்பகுதியைத் தொட்டுப்பார்த்து, "ஆகா, மெத்தென்று இருக்கிறதே!" என்று மயங்குவது வீண். நாம் நிற்பது அடியின்மேல். உடலின் எடை முழுவதும் அங்கே அழுத்துவதால், மெத்தென்ற பஞ்சு நசுங்கிக் காற்றெல்லாம் வெளியேறிவிடும். அழுத்தினாலும் நசுங்காத ஒட்டுக்கம்பளம், தக்கை, மூடிய அறைகள் கொண்ட நுரைத்தகடு ஆகியவையே அடிக்கு ஏற்றவை. பழைய காலத்தில் வழுக்காதிருக்கத் தோல் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருப்பார்கள். 1924-இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-இல் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு காலில் அத்தகைய ஆணி பூட்ஸ் இருந்தது. ஆணி பனியைப் பற்றிக்கொள்ளும். அதே ஆணி நற்கடத்தியாகி வெப்பத்தைப் பனிக்குள் இறக்கவும் செய்யும்! இத்தாலியரான விட்டாலே பிரமானி 1937-இல் ஆழமான வெட்டுக்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கியபின் ஆணிகளுக்கு வேலை இல்லாமற்போயிற்று.

'அப்படியானால் நிறையக் காலுறைகளைப் போட்டுக்கொண்டால் போதுமே' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு இமாசலப் பிரதேசத்தில் ஒரு மலையேற்ற முகாமுக்குச் சென்றிருந்தேன். ஊரிலேயே என் காலுக்குச் சரியான அளவில் பூட்ஸ் வாங்கிப் போயிருந்தேன். பனி தொடங்கும் இடத்தில் மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸுக்குள் காலைத் திணித்தேன். அரை மணி நேரத்தில் வலது பெருவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பெரியவர் என் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒரு பாறைமேல் உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றி, காலுறைகளில் இரண்டை உருவி என் சட்டைப்பைக்குள் திணித்தார். பாதத்தைத் தம் இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் விரல் 'விண் விண்' என்று தெறிக்க ஆரம்பித்தது. "வலிக்கிறதா? நல்லது" என்றார் இந்தியில். ஒரே காலுறையோடு அன்று மாலைவரை நடந்தேன். விரல் மரக்கவில்லை. வகுப்பில் வெப்பங்கடத்தல் பாடம் நடத்துகிறவன் நான். என் மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டதைக் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

நான் செய்த பிழை ஒன்றன்று, இரண்டு. இறுக்கமான பூட்ஸுக்குள் கம்பளி நசுங்கிவிட்டது, காற்று போய்விட்டது, காற்றில்லாத கம்பளி வெறும் இழைதான். அதைவிடப் பெரிய பிழை, நுண்ணிய இரத்தக் குழாய்களை அழுத்தி, வெந்நீர்க் குழாயை நானே மூடிவிட்டேன். எனவே பூட்ஸ் வாங்கும்போது, நாம் போட்டுக்கொள்ளப்போகும் தடித்த கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதை அணிந்து பூட்ஸை மாட்டி, நாடாவைக் கட்டியபின், விரல்கள் ஐந்தையும் தாராளமாக அசைக்க முடியவேண்டும். குதிகால் மட்டும் எழும்பக்கூடாது. பெரும்பாலும் வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிதாக வேண்டியிருக்கும். நாள் முழுதும் நடந்தால் பாதம் சற்றே வீங்கும்; ஆதலால் மாலையில் கடைக்குப் போவது நல்லது. அதற்காக மிதவைபோல் பெரிய பூட்ஸும் உதவாது. காலடிக்குக் காலடி துருத்திபோல் உள்ளே இருக்கும் சூடான காற்றை அது வெளியே தள்ளிவிடும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். பனியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுப்பது கடினமன்று, ரப்பர் தடுத்துவிடும். தடுக்க முடியாத தண்ணீர் உள்ளேயிருந்து வருவது. மேட்டில் ஏறும்போது பனியிலும் பாதம் வியர்க்கிறது. ஒரு பாதத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, வியர்வை ஆவியாவதாகக் கொள்வோம். ஒரு கிராம் வியர்வை தோலின்மேல் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். கணக்கிட்டால் 3.3 வாட், உலர்ந்த கம்பளத் தகட்டின் வழியே போவதாக மேலே கண்ட வெப்பத்தைவிட இது அதிகம்! இதோடு முடிவதில்லை. அந்த ஆவி வெளியே செல்லும் வழியில், பூட்ஸின் குளிர்ந்த பகுதியில் மீண்டும் நீராகி, காற்று இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நடக்கும்வரை ஒன்றும் தெரியாது. நின்றவுடன் உறையத் தொடங்கும்.

கொரியப் போரில் 1950 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில் அமெரிக்கப் படையினருக்கு நேர்ந்தது இதுதான். குளிர் சுழிக்குக் கீழ் 30 டிகிரியை ஒட்டி இருந்தது. அவர்கள் அணிந்தவை கீழே ரப்பரும் மேலே தோலும் உள்ளே ஒட்டுக்கம்பளத் தகடும் உள்ள பூட்ஸ்கள். மலைப்பாதையில் சுமையோடு நடந்தபோது கால் வியர்த்து உள்ளே ஊறியது. காவலுக்கு ஓரிடத்தில் நின்றபோது அந்த வியர்வை உறைந்தது. குண்டடி படாமலே பனிக்கடியால் விழுந்தவர்கள் ஏராளம்.

அதன்பின் வந்த மாற்று ஒரு விந்தை. வியர்வையை வெளியேற்ற முயல்வதற்குப் பதிலாக, முழுவதுமாகவே அடைத்துவிட்டார்கள்! ரப்பரால் இரண்டு சுவர்கள், நடுவே கம்பளி, அது வெளிப்பனியும் நுழையாமல், உள்வியர்வையும் நுழையாமல் முத்திரையிடப்பட்டது. பாதத்தைச் சுற்றியுள்ள காற்று விரைவில் ஆவியால் நிறைந்து பூரிதமாகிவிடும். அதற்குமேல் ஆவியாதல் நடக்காது. ஆகவே உள்ளுறை வெப்பமாகப் போகும் இழப்பும் நின்றுவிடும். கால் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் சூடாக இருக்கும். பருத்துக் கறுத்த அதன் தோற்றத்தைப் பார்த்துப் படைவீரர்கள் 'மிக்கி மவுஸ் பூட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்தவற்றில் பக்கத்தில் ஒரு சிறிய வால்வு இருக்கும். ஏன் என்று ஊகிக்க முடிகிறதா? விமானத்தில் உயரே போகும்போது வெளியழுத்தம் குறைய, சுவர்களுக்கிடையே அடைபட்ட காற்று விரிந்து பூட்ஸ் உப்பிவிடும். அப்போது வால்வைத் திறக்கவேண்டும். தரையிறங்கியதும் மூடிவிட வேண்டும். பாயில் விதி காலடியிலும் வேலை செய்கிறது! இத்தகைய பூட்ஸில் ஒரு குறை உண்டு. ஊறிய தோல் வெளுத்துப் புண்ணாகும். அதனால் தினமும் பாதத்தைத் துடைத்து, காயவைத்து, காலுறையை மாற்றியாக வேண்டும்.

வடக்கு நார்வேயின் சாமி மக்கள் வேறு வழி கண்டார்கள். கலைமான் தோல் பூட்ஸுக்குள் உலர்ந்த புல்லைச் சுற்றி வைத்தார்கள். அது நம் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த புல். காற்றையும் பிடித்துவைக்கும், வியர்வையையும் உறிஞ்சும். இரவில் புல்லை வெளியே எடுத்து, அதில் உறைந்திருக்கும் துகளை உதறி, உலர்த்தி மறுநாள் மீண்டும் வைத்துக்கொள்வார்கள். தென்துருவம் சென்ற ஸ்காட்டின் குழுவினரும் இம்முறையைக் கைக்கொண்டனர். இன்றைய பனி பூட்ஸ்களில் உள்ள, தனியே கழற்றி எடுக்கக்கூடிய உள்ளுறை இந்தப் புல்லின் பேரப்பிள்ளைதான். பனியில் இரவு தங்கப் போகிறவர் உள்ளுறையைக் கழற்ற முடிகிற பூட்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

'கோர்டெக்ஸ்' போன்ற படலங்கள் பற்றிக் கேட்பீர்கள். அப்படலத்தின் நுண்துளைகள் நீர்த்துளியைவிட மிகச் சிறியவை, ஆவி மூலக்கூற்றைவிட மிகப் பெரியவை. ஆகவே துளி உள்ளே வராது, ஆவி வெளியே போகும். மழைக்கும் ஈரப்பனிக்கும் இது அருமையானது. கடுங்குளிரில் மட்டும் ஒரு சிக்கல்: ஆவி படலத்தை எட்டும் முன்பே வழியில் குளிர்ந்து நீராகிவிட்டால், அந்த நீரை அதனால் வெளியேற்ற முடியாது. அட்டையில் 200 கிராம், 400 கிராம் என்று அச்சிட்டிருப்பது பூட்ஸின் எடையன்று. ஒரு சதுர மீட்டர் காப்புப் பஞ்சின் எடை. எண் ஏற ஏறக் கனம் ஏறும். 'சுழிக்குக் கீழ் 40 டிகிரிவரை' என்ற வாசகத்தை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே சோதனையைச் செய்வதில்லை. நடப்பவரின் காலுக்கும் நிற்பவரின் காலுக்கும் வேறுபாடும் பெரிது.

விலை உயர்ந்ததே சிறந்தது என்று எண்ணுவோருக்கு லடாக்கில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அங்கே சன்ஸ்கார் ஆறு ஜனவரி, பிப்ரவரியில் உறைந்துவிடும். அப்பனித்தளத்தின்மேல் நடப்பதைச் 'சாதர்' என்பார்கள். போர்வை என்று பொருள். இரவில் குளிர் சுழிக்குக் கீழ் 20 டிகிரியையும் தாண்டும். சில இடங்களில் பனித்தளத்தின்மேலே கணுக்காலளவு தண்ணீர் ஓடும். அங்கே நடப்பவர்கள் காலில் என்ன இருக்கிறது? லே கடைத்தெருவில் வாங்கிய சாதாரண கம்பூட்ஸ்! ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளே கம்பளித் தகடும் இரண்டு கம்பளிக் காலுறைகளும். ஓடும் நீரில் கால் வைக்கவேண்டிய இடத்தில், நனையாமை மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. ஆனால் பிளாஸ்டிக் கலந்த மலிவான கம்பூட்ஸ் கடுங்குளிரில் விறைத்து வழுக்கும். நல்ல ரப்பர் குளிரிலும் வளைந்து கொடுக்கும். கையால் வளைத்துப் பார்த்தே வாங்குங்கள். கேதார்காந்தாவைப்போல் உலர்பனியில் மேடேறும் இடத்திலோ கம்பூட்ஸ் கணுக்காலைத் தாங்காது. அங்கே உயரமான, நீர் புகாத, நடுத்தரக் காப்புள்ள மலையேற்ற பூட்ஸே ஏற்றது.

காலுறை பற்றி ஒரு வார்த்தை. பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி துவண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளியின் இழை இயல்பிலேயே சுருண்டது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஏற்றும் துவளாமல் நிற்கும். தலைக்குக் குல்லாயும் மார்புக்குக் கம்பளிச் சட்டையும் காலைச் சூடாக்கும் என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் உடல் நடுப்பகுதி சூடாயிருந்தால்தானே கடைசி அறைக்கு வெந்நீர் வரும்?

இதையெல்லாம் பனிமலைக்குப் போகாமலே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சும்மா விடுங்கள். இரண்டாவதைக் கம்பளித் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். மூன்றாவதை அதே அளவு கம்பளியால் சுற்றி, கயிற்றால் வரிந்து கட்டுங்கள். நான்காவதை நனைத்துப் பிழிந்த கம்பளியால் சுற்றுங்கள். நான்கிலும் ஒரே சூடுள்ள வெந்நீரை ஊற்றி மூடி, மின்விசிறியின் கீழே வைத்து, பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து வரைபடம் போடுங்கள். நான்காவது புட்டி முதலாவதையும் முந்திக்கொண்டு குளிர்கிறதா என்று கவனியுங்கள். பழைய தலையணை ஒன்று கிடைத்தால், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்தாவது புட்டியை இலவம்பஞ்சுக்குள் வையுங்கள்.

பனிமலைக்கே போகிறவர்கள், இரவில் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி, படுக்கும் பைக்குள் தங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். உடற்சூட்டில் அது காய்ந்துவிடும். உள்ளுறை இல்லாத பூட்ஸானால், ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். காலையில் ஸ்டவ் தேநீர் போடுவதற்குப் பயன்படட்டும்.